ஏழு வளையும் யானையின் மூச்சும்

மலையடிவாரத்தில் மருதடிக் குளம் என்று ஒரு குளம். அதன் கரையில் குறுக்காயி என்று ஒரு நண்டு இருந்தாள். அவளுக்கு நேராக நடக்கத் தெரியாது. ஆனால் பேச்சு மட்டும் நேராக வரும். மனதில் பட்டதைக் கொடுக்கால் கிள்ளுவது மாதிரி பட்டென்று சொல்லிவிடுவாள். அதனால் சினேகிதம் குறைவு.

கோடை வந்தால் குளம் வற்றும். வற்றினால் நண்டுக்கு ஒரே வழிதான். கரையில் வளை தோண்ட வேண்டும். ஈரம் தட்டுகிற வரை தோண்டி, அந்த ஈரத்தில் உட்கார்ந்து, மழை வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

குறுக்காயி அப்படி ஏழு கோடை தோண்டியிருந்தாள். கோடைக்கு ஒரு வளை. பழையதை மூட மாட்டாள். அதன் பக்கத்திலேயே புதியதைத் தோண்டுவாள். தோண்டும்போது தன் கொடுக்கால் அளந்துகொண்டே இறங்குவாள். முதல் கோடையில் பத்துக் கொடுக்கு ஆழத்தில் ஈரம் தட்டியது. அடுத்த கோடையில் பதினான்கு. அப்புறம் இருபது. இறங்கி இறங்கி, இந்த ஏழாவது கோடையில் ஐம்பது கொடுக்கு ஆழத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே ஈரம் இருந்தது. ஈரத்தை ஒட்டிக் கீழே பாறை இருந்தது.

அவள் பாறையைக் கீறிப் பார்த்தாள். கொடுக்கு நுனிதான் உடைந்தது. அவள் வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகள் மிளகு மிளகாக ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த கோடையில் ஈரம் பாறைக்கு அடியில் போய்விடும். அப்புறம் இந்தக் கரையில் நண்டு என்று ஒன்று இருக்காது. தவளை இருக்காது. குளம் என்ற பெயர்தான் இருக்கும்.

பாறையை உடைக்க அந்தக் காட்டில் ஒரே ஒரு கூட்டத்தால்தான் முடியும். அது யானைக் கூட்டம்.

வருஷத்துக்கு ஒரு தடவை யானைகள் மலையிலிருந்து இறங்கும். வழியில் இருக்கிற ஓடை, குட்டை, குளம் எல்லாவற்றையும் பார்க்கும். ஏதாவது ஓர் இடத்துக்கு மட்டும், ஒரே ஒரு நாள், தங்கள் உழைப்பைக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்கு யானைக்கொடை என்று பெயர். அதை வாங்கத்தான் காடு முழுவதும் போட்டி.

கேட்பதற்கென்றே மருதடிக் குளத்தில் ஓர் ஆள் இருந்தான். நாவலன் என்ற நரி. யாருக்கு எது வேண்டுமானாலும் அவன்தான் போய்ப் பேசுவான். கிடைத்தால் முதல் பந்தி அவனுக்கு. கிடைக்காவிட்டால் கேட்டவன் முகராசி சரியில்லை என்பான்.

யானைகள் வருகிற அன்று காலையில் நாவலன் கரையைச் சுற்றிப் பார்த்தான். ஓரிடத்தில் நின்றான். மூக்கைச் சுளித்தான்.

"என்ன குறுக்காயி இது, கரை முழுக்க ஓட்டை?"

"ஓட்டை இல்லை அண்ணே, வளை. ஏழு வருஷத்துத் தண்ணீர் அதில் இருக்கிறது."

"தண்ணீரா? உள்ளே காற்றுதானே இருக்கிறது!"

"தண்ணீர் வருஷா வருஷம் எவ்வளவு இறங்கியது என்று அதைப் பார்த்தால் தெரியும். யானையம்மாவிடம் இதைத்தான் காட்டப்போகிறேன்."

நாவலன் சிரித்தான். "காட்டு. 'ஏன் இறங்குகிறது?' என்று அந்த அம்மா கேட்கும். என்ன சொல்வாய்?"

"தெரியாது என்பேன்."

"தெரியாதா? கொடுக்க வந்தவர்கள் முன்னால் நின்றுகொண்டு தெரியாது என்பாயா? மழை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயேன்."

"மழை இல்லாத வருஷம் இறங்கினால் மழை இல்லை என்று சொல்லலாம். ஐந்தாவது வருஷம் கரை உடைகிற மாதிரி பெய்ததே! அந்தக் கோடையிலும் தண்ணீர் கீழேதான் போனது. அது ஏன்? உனக்குத் தெரியுமா?"

பக்கத்தில் தொண்டையன் என்ற தவளை உட்கார்ந்திருந்தான். "ஆமாமா, அந்த வருஷம்தான் என் கல்யாணம்" என்றான். "பந்தலே மிதந்தது."

நாவலனுக்கு எரிச்சல் வந்தது. "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று சும்மாவா சொன்னார்கள்?"

"என்னைப் பார்த்தால் கொழுத்த மாதிரியா இருக்கிறது? கண்ணை நன்றாகத் திறந்து பார்த்துச் சொல்."

நாவலன் நடையைக் கட்டினான். எப்படிப் பேசினாலும் மடங்காத ஆளைக் கண்டால், பேச்சை விற்கிறவன் அந்த இடத்தில் நிற்க மாட்டான்.

உச்சி வெயில் ஏறியது. குஞ்சுகளை நனைத்துக்கொண்டு வர, குறுக்காயி ஏழாவது வளைக்குள் இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்து நாவலன் மொத்தையனைக் கூட்டிவந்தான். மொத்தையன் ஒரு காட்டுப்பன்றி. சேறு என்றால் உயிர். யோசனை என்றால் தூக்கம்.

"தம்பி, இந்த ஓட்டையை எல்லாம் வழித்துப் பூசு. பெரிய இடத்திலிருந்து வருகிறார்கள். கரை மொழுமொழுவென்று இருக்க வேண்டும். ஓட்டைக் கரைக்கு எவனாவது கொடை கொடுப்பானா?"

"உள்ளே குறுக்காயி இருந்தால் என்ன பண்ணுவது அண்ணே?"

"அவள் எங்காவது குறுக்கே போயிருப்பாள். நீ பூசு."

மொத்தையன் குளத்தின் நடுவிலிருந்து களிமண்ணை அள்ளிவந்து அப்பினான். முதுகால் தேய்த்தான். வயிற்றால் வழித்தான். ஏழு வருஷமும் ஒரு நொடியில் மறைந்துபோயிற்று. வெயிலில் களிமண் காய்ந்து செங்கல் மாதிரி இறுகியது. நாவலன் ஈச்சங்கீற்றுகளைப் பிடுங்கிவந்து மேலே தோரணமாகச் சாத்தினான்.

கீழே, ஐம்பது கொடுக்கு ஆழத்தில், குறுக்காயிக்குச் சட்டென்று இருட்டியது. அவள் மேலே பார்த்தாள். வானம் இருந்த இடத்தில் வானம் இல்லை.

அவளுக்கு வந்த கோபத்தில் பாறையே சுட்டிருக்கும். ஆனால் அடுத்த கணம் அவள் அசையாமல் நின்றாள். காலடியில் இருந்த ஈரம் நடுங்கியது. மெல்ல ஒரு நடுக்கம். அப்புறம் ஓர் இடைவெளி. மறுபடியும் ஒரு நடுக்கம். பாறைக்கு அடியில் யாரோ பெருமூச்சு விடுவது போலிருந்தது. ஒரு மலையே எழுந்து, தூங்குகிறவர்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. அவள் வயிற்றில் இருந்த குஞ்சுகள் எல்லாம் ஒரே சமயத்தில் அசைவதை நிறுத்தின.

யானைகள் வந்துவிட்டன.

மேலே காடு அடங்கிப்போயிற்று. மருத மரத்துக் கொக்குகள் இறக்கையை மடக்கிக்கொண்டன. பதினோரு யானைகள். முன்னால் வந்தவள் வேழம்மா. அவள் காதில் இருந்த கிழிசல்கள் வழியாக ஆகாயம் தெரிந்தது. அவள் நின்ற இடத்தில் நிழல் விழுந்தது. அந்த நிழலில் மொத்தையனும் அவன் குடும்பமும் அடங்கிப்போனார்கள். தொண்டையன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

நாவலன் முன்னால் வந்து குனிந்தான். "தாயே! மருதடிக் குளம் உங்களை வணங்குகிறது. எங்கள் கரையைப் பாருங்கள். ஒரு குறை உண்டா? ஒரு வெடிப்பு உண்டா? இந்தக் குளத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மழை குறைந்தது, தண்ணீர் குறைந்தது. தங்கள் கால் பட்டால் எல்லாம் செழிக்கும்!"

வேழம்மா கரையைப் பார்த்தாள். தோரணத்தைப் பார்த்தாள். ஒரு கீற்றை உருவி வாயில் போட்டுக்கொண்டாள்.

"மூங்கிலோடையில் மயில் ஆடிக் காட்டினான்" என்றாள். "பனங்குட்டையில் குரங்குகள் கூடி ஒப்பாரி வைத்தன. அங்கேயும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இங்கேயும் அப்படித்தான். எல்லாம் தெரிந்தவர்களுக்கு நாங்கள் எதற்கு?"

அவள் திரும்பினாள். பத்து யானைகளும் திரும்பின. பேச்சால் சம்பாதித்தவனுக்குப் பேச்சு வற்றினால் கையில் வேறு சரக்கு இருக்காது. நாவலன் விழித்தான்.

அப்போது அந்த மொழுமொழு கரையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் பார்த்தார்கள். காய்ந்த களிமண்ணில் ஒரு கீறல் விழுந்தது. மறுபடியும் 'டிக்'. ஒரு சில்லு பெயர்ந்தது. அதன் வழியாக ஒரு கொடுக்கு வெளியே வந்தது. நுனி உடைந்த கொடுக்கு.

"அண்ணே, உள்ளேதான் இருந்திருக்கிறாள்" என்றான் மொத்தையன்.

குறுக்காயி முழுதாக வெளியே வந்தாள். உடம்பெல்லாம் களிமண். யானையைப் பார்க்கவில்லை, நரியைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் ஓடினாள். ஓரிடத்தில் நின்று குத்தினாள். பூச்சு உடைந்தது. ஆறாவது வளை திறந்தது. மறுபடியும் ஓடினாள், குத்தினாள். ஐந்தாவது. நாலாவது. கண்ணை மூடிக்கொண்டு குத்தியிருந்தாலும் தவறியிருக்க மாட்டாள். முதல் வளை திறந்த பிறகுதான் நின்று மூச்சு வாங்கினாள்.

"யாரம்மா நீ?" என்றாள் வேழம்மா.

"குறுக்காயி. இவை என் வளைகள். கோடைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் அடியும் அந்தக் கோடையில் ஈரம் இருந்த இடம். இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே ஓட்டை மாதிரிதான் தெரியும். அது என் தப்பில்லை."

வேழம்மா பக்கத்தில் வந்தாள். தும்பிக்கை நுனியை முதல் வளையின் வாயருகே கொண்டுபோனாள். மெதுவாக ஊதினாள்.

ஓர் ஓசை எழுந்தது. குயில் விடிகாலையில் கொடுக்கிற முதல் குரல் மாதிரி, சன்னமாக, உயரமாக.

அவள் இரண்டாவது வளையில் ஊதினாள். ஓசை கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது இன்னும் இறங்கியது. நாலாவது மரப்புறாவின் குரலுக்கு வந்தது. ஐந்தாவது, அந்தப் பெருமழை வருஷத்து வளை. அதுவாவது மேலே ஏறும் என்று தொண்டையன் கழுத்தை நீட்டினான். ஏறவில்லை. இறங்கியது. ஆறாவது, தூரத்து இடி மாதிரி உறுமியது.

ஏழாவது வளையில் வேழம்மா நீளமாக மூச்சை விட்டாள். அந்த ஓசை காதில் விழவில்லை. எல்லாருடைய காலிலும் விழுந்தது. மண் முனகியது. மருத மரத்தின் இலைகள் காற்றில்லாமல் அசைந்தன. பின்னால் நின்ற பத்து யானைகளும் ஒரே சமயத்தில் காதுகளை விரித்தன.

ஏழு வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இறங்கிப்போனதை அன்று அந்தக் காடு காதால் கேட்டது.   நாவலனின் வால் தானாகக் கால்களுக்கு நடுவே போயிற்று.

வேழம்மா குறுக்காயியிடம் திரும்பிக் கேட்டாள். "ஏன் இறங்குகிறது?"

"தெரியாது" என்றாள் குறுக்காயி.

"தெரியாதா?"

"மழை மட்டும் காரணம் இல்லை என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. பதில் பாறைக்குக் கீழே இருக்கிறது. நான் பாறைக்கு மேலே இருக்கிறேன்."

வேழம்மாவின் கண் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. அது சிரிப்பு. "இந்த வருஷம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீதான். சரி. இந்தக் கரையில் ஆளுயரக் குழி ஒன்று தோண்டிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்."

"வேண்டாம்" என்றாள் குறுக்காயி.

மொத்தையன் மயங்கி விழப் பார்த்தான். "ஐயோ, வாயை மூடேன்" என்றான் தொண்டையன்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் வேழம்மா. குரலில் கோபம் இல்லை, கனம் இருந்தது.

"உங்களிடம் இருப்பது ஒரு நாள். அதை மண் அள்ளுவதில் செலவழித்தால் பாறையில் கால் வைக்கும்போது பொழுது போய்விடும். அரைகுறைக் குழிக்கு நன்றி சொல்லிவிட்டு நான் சாகவா? மண்ணை நாங்கள் அள்ளுகிறோம். பாறை வரைக்கும் எங்கள் பாடு. மூன்று நாள் மலையடியில் மேய்ந்துவிட்டு வாருங்கள். எங்களால் முடியாததற்கு மட்டும் உங்கள் காலைக் கொடுங்கள்."

"மூன்று நாள் காத்திருந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

குறுக்காயி யோசிக்கவில்லை. "மலையில் உங்கள் சுனைகள் எப்படி இருக்கின்றன?"

 பின்னால் நின்ற ஓர் இளம் யானை தலை குனிந்துகொண்டது.

"அங்கேயும் இறங்கித்தான் இருக்கும்" என்றாள் குறுக்காயி. "ஆனால் அங்கே அளந்தவர் யாரும் இல்லை. இங்கே பதில் கிடைத்தால் அது உங்களுக்கும் பதில்."

"கெட்டிக்காரி" என்றாள் வேழம்மா. "சம்மதம். ஒரு நிபந்தனை. வருஷா வருஷம் நீ அளக்க வேண்டும்."

"அளப்பேன். நீங்களும் வருஷா வருஷம் வந்து ஊதிக் கேட்க வேண்டும். கொடுத்துவிட்டு மறந்துபோகிற கொடை எனக்கு வேண்டாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி மலையளவு. ஒருத்தி மலையின் கூழாங்கல் அளவு. இரண்டு பேருமே கண்ணைத் தாழ்த்தவில்லை. பேரம் அப்படி முடிந்தால்தான் அது பேரம்.

மூன்று நாள் மருதடிக் குளத்தில் யாரும் படுக்கவில்லை. மொத்தையன் தன் கூட்டத்தோடு வந்து, ஏழு வளைகளுக்கும் சற்றுத் தள்ளி, மூக்கால் உழுதான். முள்ளம்பன்றிகள் குழி பறித்தன. முயல்கள் பின்னங்காலால் மண்ணை வீசின. நாவலன் மட்டும் ஒதுங்கி நின்றான்.

"நாலு கால் இருக்கிறதல்லவா? இறங்கு" என்றாள் குறுக்காயி. அவன் இறங்கினான்.

நாலாம் நாள் காலையில் யானைகள் வந்தன. குழிக்குள் பாறை கறுப்பாக மின்னியது. வேழம்மா சரிவில் இறங்கினாள். கண்ணை மூடினாள். முன்னங்காலைத் தூக்கி வைத்தாள். மற்ற யானைகள் சுற்றி நின்று அவளோடு சேர்ந்து மிதித்தன. பொழுது உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. பாறை அசையவில்லை. அந்தி வெயில் சிவந்த நேரத்தில், நிலத்தின் முதுகெலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பாறை பிளந்தது.

தும்பிக்கைகள் பிளவைப் பற்றித் தூக்கின. உள்ளேயிருந்து குளிர்ந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கீழே தண்ணீர் இருந்தது. வானத்தையே பார்த்திராத தண்ணீர். ஆனால் அவர்கள் நின்றுவிட்டது அதனால் அல்ல. தண்ணீருக்குள் வேர்கள் தொங்கின. பத்து இருபது அல்ல; ஒரு காடே தலைகீழாகத் தொங்குவது மாதிரி, பாறை வெடிப்புகளின் வழியாகக் கரைக்கு அப்பாலிருந்து வந்து, இழை இழையாகக் குடித்துக்கொண்டிருந்தன.

குறுக்காயி இறங்கி ஒரு வேரைக் கிள்ளி மேலே கொண்டுவந்தாள். வேழம்மா அதை முகர்ந்தாள். அவள் காதுகள் அசைவதை நிறுத்தின.

"சீமைக்கருவேலம்" என்றாள். "கரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற முள்மரம். எட்டு வருஷத்துக்கு முன்னால் தெற்கே பஞ்சம் பிழைக்கப் போனோம். அங்கே இதன் நெற்று இனிப்பாக இருந்தது. வயிறு நிறையத் தின்றோம். திரும்பி வரும் வழியில் இங்கேதான் தங்கினோம். விதை எங்கள் சாணத்தில் வந்து விழுந்திருக்கிறது."

 நாவலன் மெல்ல அவள் காதருகே போனான்.

"தாயே, இது வெளியே தெரிய வேண்டாம். சின்ன ஓட்டைதானே? பூசிவிடலாம்."

வேழம்மா அவனைப் பார்த்தாள். "ஒரு தடவை பூசினது போதும்."

அவள் குழியிலிருந்து ஏறினாள். கூட்டத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கொண்டுவந்தது நாங்கள். பிடுங்குவதும் நாங்கள்தான். இது கொடையில் சேராது."

அந்த வருஷம் யானைகள் மலைக்குப் போக ஒரு மாதம் ஆயிற்று. முள் குத்தி ரத்தம் வந்தது. ஒரு மரத்தையும் விடவில்லை. வழியில் இருந்த ஓடைகளிலும் குட்டைகளிலும் அதே மரத்தைத் தேடிப் பிடுங்கிக்கொண்டே போனார்கள்.

அடுத்த கோடை வந்தது. குளம் சுருங்கியது. குறுக்காயி எட்டாவது வளையைத் தோண்டினாள். பிழைத்து வளர்ந்த குஞ்சுகள் பக்கத்தில் ஓடி ஓடி அளந்தன. ஈரம் தட்டியதும் அவள் நின்றாள். எத்தனை கொடுக்கு என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை.

"வரட்டும்" என்றாள்.

வேழம்மா வந்தாள். சொன்ன சொல் தவறாமல் வந்தாள். தும்பிக்கையை ஏழாவது வளையருகே கொண்டுபோய் ஊதினாள். மண் முனகியது. அந்த முனகலைக் கேட்டு எல்லாருக்கும் பழைய பயம் வந்தது. பிறகு எட்டாவது வளையருகே போனாள். காடு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஓசை எழுந்தது. ஏழாவதைவிட ஒரு படி மேலே.

ஒரே ஒரு படிதான். அதற்கே தொண்டையன் அழுதுவிட்டான்.

நாவலன் அருகில் வந்து கேட்டான். "குறுக்காயி, பக்கத்துக் குட்டையில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். அங்கே போய் என்ன சொல்ல?"

"முதலில் தோண்டச் சொல்" என்றாள் குறுக்காயி.

உதவி கேட்டுப் போகிறவர் தன் ஓட்டையைப் பூசி மறைக்கக் கூடாது. அதை அளந்து, திறந்து காட்ட வேண்டும்.